கெஸ்ட் பிளேயர்

மே மாதம் வந்துவிட்டால் இந்த அமெரிக்க நகரத்தில் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் பேசத் தொடங்குகிறார்கள். மற்ற மாதங்களில் லிஃப்டில் என்னோடு ஏறி, மாடி எண்கள் மாறுவதையே பரீட்சை ரிசல்ட் போல உற்றுப் பார்த்துவிட்டு இறங்கிப்போகிற மனிதர் திடீரென்று திரும்பி, "நேற்று நம்ம ஆட்டத்தைப் பார்த்தாயா?" என்கிறார். காய்கறிக் கடையில் பில் போடும் பெண் என் வெண்டைக்காயைத் தராசில் வைத்தபடி, "இந்தத் தடவை நாம ஜெயிச்சிடுவோம், இல்லையா?" என்கிறாள். நான் தலையை ஆட்டுகிறேன். ஆமாம் என்று ஆட்டுகிறேனா, இல்லை என்று ஆட்டுகிறேனா என்பது இத்தனை வருஷமாகியும் இவர்களுக்குப் பிடிபடாததால் வம்பு எதுவும் வருவதில்லை.

விஷயம் கூடைப்பந்து. அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் பிளேஆஃப். ஊரில் இருப்பவர்களுக்கு இது என்னவென்று சொல்லிவிட வேண்டும். அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வோர் அணியும் எண்பத்துச் சொச்சம் ஆட்டம் ஆடும். ஆடிக் களைத்ததும், இதுவரை நடந்ததெல்லாம் சும்மா, இனிமேல்தான் நிஜ ஆட்டம் என்று அறிவிப்பார்கள். அந்த நிஜ ஆட்டத்தையும் ஒரே நாளில் முடித்துத் தொலைக்க மாட்டார்கள். ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரை மல்லுக்கட்டி, நான்கில் ஜெயித்தவன் அடுத்த சுற்றுக்குப் போகலாம். அங்கேயும் ஏழு. எங்கள் ஊர் இருக்கும் வடக்கனந்தல் பக்கம் காணும் பொங்கலன்று காலையில் வாலிபால் போட்டி ஆரம்பித்தால், பத்துப் பன்னிரண்டு அணிகளைத் தோற்கடித்து, சமாதானப்படுத்தி, ஷீல்டையும் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குள் கூட்டத்தைக் கலைத்துவிடுவோம். இவர்களுக்கு இரண்டு மாதம் ஆகிறது. கடைசி இரண்டு நிமிட ஆட்டம் மட்டும் அரைமணி நேரம் ஓடும். ஃபவுல், டைம் அவுட், நடுவர்கள் கும்பலாகப் போய் டிவி பார்ப்பது, கார் விளம்பரம், மறுபடியும் ஃபவுல். ஏழடி உயர ஆள் தோளில் சுண்டுவிரல் பட்டதும் கரும்பு டிராக்டர் மோதியவன் மாதிரி மல்லாந்து விழுவான். விழுந்தபடியே ஒரு கண்ணைத் திறந்து, விசில் ஊதினார்களா என்று பார்ப்பான்.

ரசிகர்கள் இன்னும் மோசம். அரங்கத்தின் உச்சியில் தொங்கும் திரையில் 'சத்தம் போடுங்கள்' என்று எழுத்து மின்னும். போடுவார்கள். எழுத்து மறைந்ததும் வாயை மூடிக்கொண்டு சோளச் சிப்ஸைச் சீஸில் தோய்ப்பார்கள். எங்கள் பக்கம் சத்தம் போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கமிட்டியாரின் குடும்பத்தை இழுக்காதீர்கள் என்றுதான் மைக்கில் கெஞ்சுவார்கள். பிளேஆஃப் சமயத்தில் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு டீ-ஷர்ட் மாட்டி வைத்திருப்பார்கள். இலவசம். எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே அளவு. சட்டைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டால் நீங்கள் ஊர்க்காரர். அவ்வளவுதான் சடங்கு. ஊர்ப்பற்றைக்கூட எக்ஸ்ட்ரா லார்ஜில் தைத்துக் கொடுக்கிற நாடு.

இதையெல்லாம் இத்தனை விவரமாகச் சொல்கிறவன் ஒரு ஆட்டத்தையும் விடாமல் பார்ப்பவனாகத்தான் இருக்க முடியும் என்று நீங்கள் நினைத்தால், சரிதான். அந்த டீ-ஷர்ட்டுகள் என்னிடம் பத்து இருக்கின்றன. அலமாரியில் மடித்து வைத்திருக்கிறேன். கேட்டால், காரைத் துடைக்க என்பேன்.

என்னை அங்கே அழைத்துப் போகிறவர் பக்கத்து வீட்டு டேவ். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். அவருடைய மனைவிக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து இரண்டாவது டிக்கெட் எனக்கு. முதல் தடவை போனபோது, ஏதாவது பேச வேண்டுமே என்று, "இந்த டீமில் நம்ம ஊர்க்காரர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

டேவ் என்னை ஒரு கணம் பார்த்தார். "எல்லாரும்தான்" என்றார்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியல்ல, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று விளக்கினேன். வெகுநேரம் யோசித்து, "தரையில் வியர்வை துடைக்கிறவர்களில் ஒருத்தர் இருக்கலாம்" என்றார். அப்படிக் கேட்பதில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. அப்படிக் கேட்காமல் ஒருவர் எப்படிக் கைதட்ட முடியும் என்று எனக்கும் புரியவில்லை.

உதாரணத்துக்கு, இந்த வருஷம் எங்கள் நாயகன். தென் அமெரிக்காவில் ஏதோ மலையடிவார ஊரைச் சேர்ந்தவன். போன வருஷம் எதிரணியில் இருந்தான். அப்போது இதே டேவ் எழுந்து நின்று அவனைப் பெற்றவர்களையும் சேர்த்து அர்ச்சனை செய்தார். பேரம் படிந்தது. அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். டேவின் மனசும் அன்றைக்கே சட்டை மாற்றிக்கொண்டது. டிவியில் அவனுடைய ஊரைக் காட்டினார்கள். வறுமையைக் காட்டும்போது வாசிக்கவென்றே இவர்களிடம் ஒரு பியானோ இருக்கிறது, அதை வாசித்தார்கள். மரத்தில் அறைந்த வளையம், கண்ணைத் துடைக்கும் அம்மா, பின்னால் நீல மலை, முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. இந்த மாதிரிக் கண்ணீர் வியாபாரத்தைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனாலும் அந்த நிகழ்ச்சியை மூன்று முறை பார்த்தேன். மலையும் கரும்பும் அப்படியே எங்கள் ஊர்ப் பக்கத்துக் கச்சிராயபாளையம் ரோடு. அன்றிலிருந்து என் வரையில் அவன் பெயர் கரும்புக்காரன்.

ஊரைப் பற்றி எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், நான் வளர்ந்த விதம் அப்படி. இங்கே சந்திக்கிற சென்னைத் தமிழர்களிடம் முன்பெல்லாம் 'விழுப்புரம் பக்கம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கருணாபுரத்தில் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகு அந்தச் சிரமம் இல்லை. கள்ளக்குறிச்சி என்றதும் எல்லோருக்கும் தெரிகிறது. துக்கம் விசாரிப்பது மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமோசா எடுக்கப் போய்விடுகிறார்கள்.

எங்கள் பக்கத்து வாலிபால் நோட்டீஸில் முதல் வரி மாரியம்மன் துணை. இரண்டாவது வரி 'ஒரு ஊர், ஒரு டீம்'. களத்தில் இறங்கும் ஆறு பேரும் அந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். வெளியூர் ஆளுக்குக் 'கெஸ்ட் பிளேயர்' என்று பெயர். கண்டுபிடித்தால் அணியையே வெளியேற்றிவிடுவார்கள். என் பள்ளிக்கூடத் தோழன் சேகர்தான் அப்போது எங்கள் ஊர் கேப்டன். நான் டீமில் இருந்ததில்லை. பந்து என் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் இருந்தது. தண்ணீர்க் குடம், பந்துக்குக் காற்று, இவைதான் என் துறை. ஒரு வருஷம் பக்கத்து ஊர்ப் போட்டிக்குச் சேகர் சங்கராபுரத்திலிருந்து ஒரு நெட்டையனைத் தன் மாமா மகன் என்று சொல்லி அழைத்து வந்தான். அந்தக் கமிட்டியில் எங்கள் ஊரில் பெண் எடுத்த ஒருவர் இருந்தார். சந்தேகம் வந்தால் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே போகிற வழியெல்லாம் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து நான் நெட்டையனுக்குப் பாடம் நடத்தினேன்.

எதிர்பார்த்தபடியே அவர் கேட்டார்: "ஏம்பா, உங்க ஊரு ரேஷன் கடை எங்க கீது?"

"பால் சொசைட்டிக்கு எதிர்லங்க" என்றான் நெட்டையன், அங்கேயே பிறந்து அங்கேயே மண்ணெண்ணெய் வாங்கியவன் போல. ஷீல்டு எங்களுக்கு வந்தது. ஊருக்காக நான் செய்த ஒரே சாதனை அது.

இந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். எங்கள் ஊரிலேயே போட்டி. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனி ஆட்டம். காலம் மாறி, ஓர் அணிக்கு ஒரு கெஸ்ட் பிளேயர் இறங்கலாம் என்று விதி இளகியிருந்தது. சேகர் இப்போது மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறான், இன்னும் அவன்தான் கேப்டன். போலீஸ் டீமில் ஆடி ஓய்வு பெற்ற சின்னசேலத்துக்காரர் ஒருவரை கெஸ்ட்டாகப் பிடித்து வைத்திருந்தான். நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஊருக்காக அந்த ஆறு பேரில் ஒருவனாக நின்றுவிட வேண்டும். அதற்காகவே இங்கிருந்து ஷூ வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

"பின்லைன்ல நில்லு" என்றான் சேகர். "பந்து வந்தா குனிஞ்சிக்கோ. மீதிய நாங்க பாத்துக்குறோம்."

எதிரணி கல்வராயன் மலையிலிருந்து வந்திருந்தது. அவர்களுடைய கேப்டன் என் ஷூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கமிட்டியிடம் போனார்.

"நாங்க மலையில இருந்து டெம்போல எறங்கி வந்துகீறோம். ஆறு பேரும் ஒரே ஊரு. இவங்க பிளேன்ல ஆள எறக்கிக்கினு வந்தா எப்பிடிங்க?"

கூட்டம் கைதட்டியது. மைக் பிடித்திருந்த பையன் என்னிடம் வந்தான். எங்கள் ஊர்ப் பையன்தான். நான் விமானம் ஏறியபோது பிறந்திருக்க மாட்டான்.

"அண்ணே, ஆதார் கீதுங்களா?"

அமெரிக்க டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே. ஒரே ஒரு கேள்வி. நம்மூரு ரேஷன் கடை எங்க கீது?"

வாழ்க்கையில் சில பரீட்சைகளுக்குத்தான் கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைக்கிறது. மார்பை நிமிர்த்திக்கொண்டு, மைக்கே தேவைப்படாத குரலில், "பால் சொசைட்டிக்கு எதிர்ல!" என்றேன்.

 முதலில் வாண்டு ஒன்று சிரித்தது. பிறகு எல்லோரும்.

"பால் சொசைட்டிய இடிச்சி எவ்ளோ வருசம் ஆவுதுங்க! அங்க இப்ப ஏடிஎம் கீது. ரேஷன் கடை ஏரிக்கரைக்குப் பூடுச்சிண்ணே."

சேகர் பாய்ந்து வந்தான். "டேய், இவன் இந்த ஊர்ல பொறக்கசொல்ல நீ உங்கப்பன் நெனப்புலகூட இல்லடா!"

"சரிங்க சித்தப்பா, நான் இன்னா வேணாம்னா சொல்றன்? கெஸ்ட்டுன்னு எறக்கிக்கோங்க. ஆனா ஒரு கெஸ்ட்டுதான்."

சேகர் சின்னசேலத்துக்காரரைப் பார்த்தான். ஆறடி. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நட்பு இருந்தது. கேப்டனும் இருந்தான்.

"கோச்சிக்காதடா" என்றான். "கொஞ்ச நேரம் குந்து."

குந்தியது மேடையில். என்னைப் பரீட்சையில் தோற்கடித்த அதே பையன் மைக்கில் குரலை மாற்றிக்கொண்டு, அமெரிக்காவிலிருந்து வருகை தந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களுக்குப் பொன்னாடை அணிவிக்கப்படும் என்றான். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். சரிகை போட்ட சால்வை, குளிர்பானம், பின்னால் விசிறி. உள்ளூர்க்காரன் எவனுக்காவது அங்கே பொன்னாடை போர்த்தி நான் பார்த்ததில்லை. சின்னசேலத்துக்காரர் அடித்த அடியில் எங்கள் ஊர் ஜெயித்தது. ஷீல்டை நான் சேகர் கையில் கொடுத்தேன். போட்டோவில் பொங்கல் வாழ்த்துச் சொல்லவந்த கலெக்டர் மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறேன். காலில் மட்டும் புது ஷூ.

ஆகவே இந்த மே மாதம் ஏழாவது ஆட்டத்துக்கு டேவோடு போனபோது இந்த ஊர், டீம் பேச்சின் மேல் என் வெறுப்பு முழு விளைச்சலில் இருந்தது. இரு அணிகளும் மூன்று மூன்று ஜெயித்திருந்தன. நாற்காலியில் பத்தாவது டீ-ஷர்ட் காத்திருந்தது. குளிர்சாதனம் அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மாட்டிக்கொண்டேன். எங்களுக்குப் பின்னால் ஒரு தடியர், முதுகில் கரும்புக்காரனின் பெயர் போட்ட சட்டையை விலை கொடுத்து வாங்கி அணிந்து, இரண்டு மணி நேரமாக அந்தப் பெயரையே ஜெபித்துக்கொண்டிருந்தார்.

கடைசி விநாடிகள். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். கரும்புக்காரனைத் தட்டிவிட்டார்கள், நிஜமாகவே தட்டினார்கள். இரண்டு இலவச எறிதல், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அவன் கோட்டில் நின்று பந்தை மூன்று முறை தட்டினான். முதலாவது வளையத்தில் மோதி வெளியே வந்தது. இரண்டாவது வளையத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. மணி அடித்தது. முதல் முறையாகத் திரை சொல்லிக் கொடுக்காமலே அந்த அரங்கம் ஒன்றாக அமைதியானது.

அந்த அமைதியில் தடியர் கத்தினார்: "வந்த ஊருக்கே அனுப்புங்கடா இவனை!"

என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. நான் எழுந்து திரும்பி நின்றிருந்தேன். என் வாயிலிருந்து இத்தனை வருஷமாக அலுவலகத்துக்கும் வங்கிக்கும் எடுத்துப்போகாத தமிழ்க் குரல் வந்தது.

"டேய்! அவன் எங்க ஊருக்காரன்டா!"

தடியர் என் முகத்தைப் பார்த்தார், டீ-ஷர்ட்டைப் பார்த்தார். கோபத்தில் தனக்கொரு கூட்டாளி கிடைத்துவிட்டான் என்று மகிழ்ந்து, "சரியாச் சொன்னே சகோதரா!" என்று உள்ளங்கையை நீட்டினார். என் கை தானாக எழுந்து அந்த அடியை வாங்கிக்கொண்டது. வீரத்தில் என் கை ஒருபோதும் எனக்கு ஒத்துழைப்பதில்லை.

"என்ன சொன்னாய் அவனிடம்?" என்றார் டேவ். மொழிபெயர்த்தேன்.

டேவ் தடியரைத் திரும்பிப் பார்த்தார். "ஏன், அவனுக்கு அது தெரியாதா?" என்றார். கழிவறைக்கு வரிசை நீளும் முன் போய்விட வேண்டும் என்று கிளம்பினார்.

நான் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அங்கே காலை, ஷிஃப்டுக்குப் போகும் முன் ஆலை வாசல் டீக்கடையில் செல்போனில் ஆட்டம் பார்ப்பது சேகரின் வழக்கம்.

"இன்னாடா, ரெண்டையும் வுட்டுட்டான் உங்காளு?"

"கை நடுங்கிடுச்சிடா அவனுக்கு."

"இப்ப இன்னா, அவன அனுப்பிடுவானுங்களா?"

"அனுப்பினாலும் அனுப்புவாங்க."

"அனுப்பினா இங்க வரச் சொல்லு. சின்னசேலத்துக்காரருக்கு முட்டி பூடுச்சி. கெஸ்ட் எடம் காலியாத்தான் கீது."

"அப்ப என்னை எறக்கேன்டா."

அந்தப் பக்கம் டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நீ இன்னாத்துக்குடா எறங்கி கஷ்டப்படற?" என்றான் சேகர், நிஜமான பிரியத்தோடு. "உனக்குத்தான் மேடையில சேர் போட்டு வெச்சிகீறமே."

அரங்கம் காலியாகிக்கொண்டிருந்தது. டேவ் படிக்கட்டிலிருந்து கையசைத்தார். நான் எழுந்தேன். இங்கே நாற்காலிகளுக்கு ஸ்பிரிங் உண்டு. ஆள் எழுந்ததும் தானாக மடங்கி, யாரும் உட்காரவே இல்லை என்பது போல நின்றுகொள்ளும்.