ஆடிக்கு முன்னால் ஒரு வீடு

சிலிண்டர் தூக்குகிறவனுக்குப் பார்வை தரையில்தான் இருக்க வேண்டும்; படி தவறினால் முப்பது கிலோ இரும்பு காலில் இறங்கிவிடும். நானோ ஒரு மாதமாக அண்ணாந்து பார்த்தபடியே ஆனையூரைச் சுற்றுகிறேன். எந்த கேட்டிலாவது, எந்த மாடிக் கம்பியிலாவது ‘டூலெட்’ அட்டை தொங்குகிறதா என்று. நாங்கள் குடியிருக்கும் வீட்டை ஓனர் விற்கிறார். வாங்குகிறவர் இடித்துக் கட்டப் போகிறாராம். ஆனி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச எவனும் வீடு தரமாட்டான். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளிக்கூடம் தெரு முனையில். பரவைப் பக்கம் போனால் வாடகை குறையும், ஆனால் அவள் இரண்டு பஸ் மாற வேண்டும். வாடகை வீட்டு மகாஜனங்களே, மிச்சத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாப்பிடும்போதும் ஒரு கண் போன் மேலேயே கிடக்கிறது.

முந்திக்கொண்டேன்

எந்த வீடு காலியாகப் போகிறது என்று புரோக்கருக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். ஊர் மாறுகிறவர்கள் முதலில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் எங்கே ஒப்படைப்பது என்றுதான் கேட்பார்கள். அப்படி ஒரு மாடி வீட்டுப் பெண், கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னது. எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மறுநாள் காலை முதல் ஆளாகக் கீழ் வீட்டு ஓனரிடம் போய், “மாடி காலியாகுதாமே, எனக்குக் குடுங்க சார்” என்று நின்றேன்.

அவருக்கு விஷயமே தெரியாது. முகம் சிவந்து, “ஏம்மா, இங்க வா” என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். வேலை உறுதியாகி, அங்கே வீடும் பார்த்த பிறகு சொல்லலாம் என்று அவர்கள் இருந்திருக்கிறார்கள். நான் செய்தது பெரிய பாவம். அந்தப் பெண் படியில் பாதி இறங்கி, கண் கலங்க நின்று கேட்டது இது: “எங்களுக்கே அங்க இன்னும் வீடு அமையலண்ணே, அதுக்குள்ள எங்க வீட்டக் கேட்டு வந்துட்டீகளே?”

நாற்பது நாள் கணக்கு

அடுத்த வீட்டு ஓனர், ஓய்வு பெற்ற ஒருவர். அவருக்கு வாடகைக்காரர் என்றால் மோட்டார் தண்ணீர் குடிக்கும் பிராணி. எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று பேர் என்றேன். நம்பவில்லை. “உங்க வீட்ல ஒரு சிலிண்டர் எம்புட்டு நாளைக்கு வருது?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

தொழில் பெருமை யாரை விட்டது? என் மனைவி செல்வி சிக்கனமாகச் சமைப்பாள் என்று காட்ட நினைத்து, “நாப்பது நாள் தாராளமா ஓட்டுவா சார்” என்றேன். அவர் விரலை மடக்கி எண்ணினார். “எங்க வீட்லயும் மூணு பேருதான், அறுபது நாள் வருது. மிச்ச இருபது நாள் உங்க வீட்ல யாருப்பா திங்கிறா?”

நற்சான்று

மூன்றாவதாகப் பார்த்த வீட்டு ஓனர் முன்ஜாக்கிரதைக்காரர். “இப்ப இருக்கிற வீட்டு ஓனர் நம்பரக் குடுங்க” என்று வாங்கி, என் கண்முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டார். எங்கள் ஓனரிடம், யாராவது கேட்டால் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று ஏற்கெனவே கெஞ்சி வைத்திருந்தேன். நாங்கள் கிளம்பினால் போதுமென்று இருக்கிற மனிதர், நாலு என்பதை நாற்பதாக்கிவிட்டார். வாடகை ஒண்ணாம் தேதி விடியுமுன்ன வந்துரும், சுவத்துல ஒரு ஆணி அடிச்சதில்ல, ஆளு இருக்கிற சத்தமே கேக்காது, தங்கமான குடும்பம். கேட்கக் கேட்க எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

எங்கள் ஓனர், பத்திரம் முடிகிறவரை வீட்டை விற்கும் சேதி வெளியே போகக் கூடாது என்று என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். அதனால் இவர் கேட்ட கடைசிக் கேள்விக்கு அந்தப் பக்கம் அவர் இருமினார், இந்தப் பக்கம் நான் சுவரைப் பார்த்தேன். கேள்வி இதுதான்: “இம்புட்டுத் தங்கத்த எதுக்கு சார் வெளிய அனுப்புறீக?”

தெரிந்த ஆள்

மகளின் பள்ளிக்கு அடுத்த தெருவில் ஓர் அக்கா. ஏழு வருடமாக அவர்களுக்கு நான்தான் சிலிண்டர் போடுகிறேன். வெயில் நாளில் மோர் தராமல் அனுப்பியதில்லை. அவர்கள் பக்கத்து போர்ஷனில் அட்டை தொங்கியது. கேட்டதும், “அட, நீங்களா! தெரிஞ்ச ஆளு இருந்தா நமக்கும் நல்லதுதானண்ணே” என்றார்கள். சாயங்காலம் செல்வியையும் கூட்டிக்கொண்டு போனேன். வீடு பிடித்துவிட்டது. துணி காயப்போட இடம் எது என்றுகூட செல்வி பார்த்து வைத்துவிட்டாள்.

அப்போது அந்த அக்காவின் கணவர் வந்தார். சொந்த ஊர் கேட்டார். மேலூர்ப் பக்கம் என்றேன். மேலூரில் எங்கிட்டு என்றார். ஊர்ப்பெயர் சொன்னேன். “ஊருக்குள்ளயா, காலனியா?” செல்வி என்னைப் பார்த்தாள். “காலனிதான்” என்றேன். தம்பி மகன் ஒருவன் வீடு கேட்டிருந்தது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். வழியெல்லாம் எனக்குக் கோபம். ‘ஊருக்குள்ளதான்’ என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தேனே, அந்த நினைப்பின் மேல் அதைவிடக் கோபம்.

பன்னிரண்டு நாள் கழித்து அதே வீட்டில் இருந்து புக்கிங் வந்தது. அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, தம்பி மகன் வந்து சேரவில்லை. அடுப்படிக்குள் போய், காலி சிலிண்டரைக் கழற்றி, புதியதை மாட்டி, சோப்புத் தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்தேன். அந்த அக்கா மோர் டம்ளரை நீட்டி, ஓடிபி எண்ணையும் சொல்லிவிட்டு, கொஞ்சமும் கள்ளமில்லாமல் சொன்னார்கள்: “அந்த வீடு சும்மாதாண்ணே கெடக்கு. நீங்க நாலு வீட்டுக்குப் போய் வர்ற ஆளு, நல்ல குடும்பமா இருந்தா சொல்லிவிடுங்க.”

ஆடி பிறக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, ஆனையூரில் எந்த வீட்டு அடுப்படி எந்தப் பக்கம் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுகிற எனக்கு, அதில் ஒன்றில் என் அடுப்பை இறக்கி வைக்க மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.