மஸ்ரானி எதிர்பார்த்த பதில்

மஸ்ரானி பெரியப்பாவுக்கு வீடு இருந்தது. ஆனால் அவர் இருந்தது படகில்தான். மனைவி இறந்ததும் மகன் சுரபாயாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். எங்கள் கரைப் பிள்ளைகளை ஆற்றைக் கடத்திப் பள்ளிக்கூடத்தில் விட்டு, திரும்பக் கொண்டுவரும் ஒப்பந்தத்தை மாவட்ட அலுவலகம் அவருக்குக் கொடுத்திருந்தது. எங்கள் கூச்சல்தான் அவர் வீட்டுச் சத்தம்.

"கத்தாதீங்கடா, மீனெல்லாம் செவிடாப் போயிரும்" என்பார். நாங்கள் அடங்கினால், "என்னடா, எழவு வீடா இது?" என்று அதற்கும் திட்டுவார்.

போன வறட்சியில் சதுப்புக்காடு தீப்பிடித்தது. ஆற்றின்மேல் புகை இறங்கியதில் படகின் முன்முனையே தெரியவில்லை. பெரியப்பா படகைக் கட்டிப்போட்டார். புகை கலையும்வரை அவிழ்க்கவில்லை.

ஒப்பந்தத்தில் இதற்கு வழி இருந்தது. இயற்கைச் சீற்றத்தால் படகு ஓடாவிட்டால் அது அவர் குற்றமாகாது. ஆனால் உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிக்கவில்லை. டீக்கடை அலூ அக்கா கேட்டதற்கு, "அவங்களும் இதே புகையிலதானே இருமிக்கிட்டு இருக்காங்க? அவங்ககிட்டயே போயி புகை வந்திருக்குன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?" என்றார்.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவதில், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் முன் நேரில் வந்து காரணம் சொல்லலாம் என்றிருந்தது. துணைக்கு அலூ அக்கா போனார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிராதையும் 'குறை என்னுடையது' என்றுதான் தொடங்குவோம். எதிராளி, 'இல்லை, எங்கள் பக்கமும் இருக்கிறது' என்பார். அதற்குப் பிறகுதான் நடந்ததைப் பேசுவது. அதிகாரி சுமத்ராவிலிருந்து புதிதாக வந்தவர். கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு, டீயும் கொடுத்தார்.

"சொல்லுங்க ஐயா, ஏன் படகு ஓடல?"

"மன்னிக்கணும். குறை என் பக்கம்தான்."

சொல்லிவிட்டுப் பெரியப்பா காத்திருந்தார். அதிகாரியும் காத்திருந்தார்.

"வேற ஏதாவது சொல்றீங்களா?"

"நீங்க சொல்லுங்க ஐயா."

"நான் சொல்ல என்ன இருக்கு?" என்று அதிகாரி எழுதத் தொடங்கினார்.

அலூ அக்கா பெரியப்பாவின் முழங்கையில் கிள்ளினார். "புகையைச் சொல்லுங்கண்ணே!"

"இரு. அவர் இன்னும் பதில் சொல்லலயே."

எழுதியதை அதிகாரி நீட்டினார். மரியாதைக்குக் கையெழுத்தும் போட்டார் பெரியப்பா. அலூ அக்கா சத்தம் போட்டதற்கு, "புகைன்னு ஒரு வார்த்தை இவர் சொல்லியிருந்தா மேலிடத்துக்கு எழுதிப் பார்த்திருப்பேம்மா. குறை தன்னோடதுன்னு அவரே கையெழுத்துப் போட்டுட்டாரே" என்றார் அதிகாரி. அவருக்கே சங்கடமாக இருந்ததாம்.

இப்போது டவுன்காரர் ஒருவரின் விசைப்படகு ஓடுகிறது. பெரியப்பா கட்டிப்போட்ட தன் படகிலேயே சமைத்து, சாப்பிட்டு, படுத்துக்கொள்கிறார். நானும் பள்ளியை முடித்துவிட்டேன். வேலை எதுவும் கிடைக்காததால் துறையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அந்த விசைப்படகு திரும்பும்போது பெரியப்பா படகைக் கட்டியிருந்த தூணில் இடித்தது. தூண் சாய்ந்து, படகு குலுங்கி, அவர் தட்டில் இருந்த சோறு ஆற்றில் விழுந்தது.

"மன்னிச்சுக்கங்க பெரியவரே, என் தப்புதான்" என்றான் ஓட்டுபவன்.

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது.

"இல்ல தம்பி, என் பக்கமும் இருக்கு. இந்தத் தூண் ரொம்ப நீட்டிக்கிட்டு நிக்குது. அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, அந்தப் புகை..."

படகு கிளம்பிவிட்டது. பிள்ளைகளின் கூச்சல் வளைவு தாண்டும்வரை கேட்டது. பெரியப்பா தூணை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.