கண்டக்டர் வாயைக் கட்டிய எட்டு வாரம்

கண்டக்டருக்கு அப்படியொரு குரல். பஸ் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் பாத்திரம் அதிரும் என்பாள் மனைவி. அதுவும் போதாதென்று அங்கே ஒரு விசில் ஊதுவார். வீட்டு நாய் தடியன் வாசலுக்குப் பாய்ந்து வந்து வாலாட்டுவான். பயணிகள் முன்னால் அதில் அவருக்கு ஏகப் பெருமை.

பெருமை வினையாய் முடிந்தது. ஒருநாள் விசில் கேட்டுப் பாய்ந்தவனின் பின்னங்காலை வாசலில் கிடந்த தகரம் கிழித்து, குதிகாலுக்கு மேலே தசையை எலும்போடு பிணைக்கும் நாணே அறுந்துபோயிற்று. டாக்டரம்மா தைத்துக் கட்டுப்போட்டார். எட்டு வாரம் குதிக்கவே கூடாது, தையல் விட்டால் அந்தக் கால் உதவாது என்றார். எதைக் கண்டால் குதிப்பான் என்று கேட்டார். மனைவி புருஷனைக் கைகாட்டினாள்.

அன்றுமுதல் மனுஷன் சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி நுழைந்தார். செருப்பு கையில், தடியனை அடைத்திருந்த மூலைப்பக்கம் பார்வையே போகாது. பேச்செல்லாம் சைகைதான். கல்யாணமான நாளிலிருந்து இப்படி நிம்மதியாக இருந்ததில்லை என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

மூன்றாம் வாரம் போன் வந்தது. பழக்கதோஷத்தில் "ஹலோ" என்று முழங்கிவிட்டார். தடியன் அடைப்பின்மேல் எகிறிக் கட்டு நழுவி, ஒரே ஊளை. டாக்டரம்மா பிரித்துப் பார்த்து, தையல் ஏதோ தெய்வாதீனமாகத் தப்பியது என்றார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார் கண்டக்டர். அதன்பிறகு தும்மல் வந்தால்கூடத் தெருக்கோடிக்கு ஓடினார். தடியனும் மெல்ல அவரை மதிப்பதை விட்டான். உள்ளே வந்தால் தலைகூடத் தூக்கமாட்டான். சுருக்கென்றுதான் இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் வாரக் கடைசியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்து, ஆஸ்பத்திரி வராந்தாவின் அந்தக் கோடியில் நீளமான தோல்வாரில் தடியனைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கூப்பிடச் சொன்னார். கண்டக்டர் கூப்பிட்டார். அவர் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. தடியன் எழுந்தான். ஒவ்வொரு பாதமாக ஊன்றி வந்து, அவரைத் தாண்டிப்போய், பெஞ்சில் இருந்த மனைவியின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான்.

அவளுக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. "உங்கள மறக்கல. இத்தன நாள் பேசலன்னு கோவம், அவ்வளவுதான்" என்றாள்.

கண்டக்டர் அந்தப் பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"கோவிச்சுக்கட்டும். நாலு காலும் ஊனி நடந்துபோய்க் கோவிச்சுக்கிறான் பாரு."