செருப்புப் போடும் நேரம்

ரீச்சரை அவருடைய வீட்டிலிருந்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பியதில் என் வாய்க்கும் பங்கிருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு இந்த மாடியில் இப்போது யாருமில்லை.

நான் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரி. துறைமுகத்தில் வேலை செய்தவரின் பெண்சாதி. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், நடுவில் ஒரு பைப். அங்கேதான் நாற்பது வருஷம் குடித்தனம் செய்தேன். அங்கே யாருக்கும் ஒன்று வேண்டுமென்றால் பைப்படியில் நின்று கத்துவார்கள். பிரசவ வலியோ புருஷன் அடித்ததோ, எல்லாம் கத்தலாகத்தான் வரும். பாதிச் சண்டையை நான்தான் தீர்த்து வைப்பேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றாலும் என் சொல்லுக்கு அங்கே மதிப்பிருந்தது. கனடாவிலிருக்கும் மகன் வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் வீடு வாங்கி என்னைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான், கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிற மனிதர்களைக் கண்டேன்.

எதிர்வீடு ரீச்சருடையது. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். புருஷன் இல்லை. ஒரே மகன் லண்டனில். கட்டிடத்தில் எல்லோரும் அவரை ரீச்சர் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். அவர் என்னை அக்கா என்பார். என் மருந்துப் பெட்டிகளில் எது காலை, எது இரவு என்று வாசித்துப் பிரித்துத் தருவார். கரண்ட் பில்லையும் அவரே பார்த்துச் சொல்வார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

“உங்கட தேத்தண்ணியில கரண்டி நிமிர்ந்து நிக்கும் அக்கா.”

“அது கொட்டாஞ்சேனைச் சாயம் ரீச்சர். உங்க ஊர்த் தேத்தண்ணி மாதிரி மூஞ்சி பார்க்கவா ஊத்துறது?”

இப்படித்தான் சிரித்துக்கொண்டிருப்போம். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. கணக்கு ரீச்சர் என் குசினியில் வந்து குந்தியிருக்கிறாரே என்று.

போன வருஷம் மழை தொடங்கிய சமயத்தில் ரீச்சர் அடிக்கடி வரத் தொடங்கினார். வாசிக்க ஒன்றும் இல்லாத நாட்களிலும் வந்தார். “என்ன ரீச்சர்?” என்றால், “ஒண்டுமில்லையக்கா, சும்மா வந்தனான்” என்பார். நானும் சும்மாதான் என்று நினைத்து என் கதையை எடுப்பேன். பேரன் அங்கே பனியில் விழுந்த கதை, மருமகளின் வேலை, மகன் வாங்கிய புதுக் கார். ரீச்சர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டுவார். பிறகு எழும்பி வாசலுக்குப் போவார்.

வாசலில்தான் அவருக்கு நேரமெடுக்கும். வெளியே கிடக்கும் செருப்பில் ஒரு காலை வைப்பார், எடுப்பார். சுவரைப் பிடிப்பார். “மகன் கோல் எடுத்தவன் அக்கா...” என்று தொடங்குவார்.

“என்ட மகனும்தான் எடுத்தான்! என்ன, முழங்கால் இன்னும் நோகுதா? நில்லுங்க, எண்ணெய் தாறேன்.”

எண்ணெய்ப் போத்தலை ஓடிப்போய் எடுத்து வந்து கையில் திணிப்பேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். “சரியக்கா, வாறன்” என்று போய்விடுவார். நுளம்பு வரும் என்று நான் கதவைச் சாத்துவேன். இப்படி நாலைந்து தரம். எண்ணெய்ப் போத்தலே இரண்டு கொடுத்துவிட்டேன். ரீச்சருக்கு நானும் ஒரு உதவி செய்கிறேன் என்று எனக்குச் சந்தோஷம். படித்த மனுஷிக்கு என்னிடம் வேறென்ன தேவை இருக்கப் போகிறது?

ஒரு ஞாயிறு, நான் பூசைக்குப் போய்விட்டு வந்து மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ரீச்சரின் மகன். அவசரத்துக்கென்று என் நம்பரை ரீச்சர் எப்போதோ கொடுத்திருந்தார்.

“அன்ரி, அம்மா தனியச் சமாளிக்கிறாவா? உண்மையைச் சொல்லுங்கோ. அவவைக் கேட்டா எல்லாம் சரி எண்டுதான் சொல்லுவா.”

லண்டன் பிள்ளை என்னிடம் உண்மை கேட்கிறான். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தே பதில் சொன்னேன்.

“எங்க தம்பி சமாளிக்கிறாங்க? முழங்கால் நோவோட ஒரு செருப்புப் போட பத்து நிமிஷம் நிக்கிறாங்க. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதப் பார்த்தா பாவமா இருக்கு.”

நல்ல டொக்டரிடம் காட்டுவான் என்றுதான் நினைத்தேன். அந்தோனியார் மேல் ஆணையாக அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த மாதம் ரீச்சரின் மகன் வந்து பத்து நாள் நின்றான். நான் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது எதிர்வீட்டு வாசலில் செருப்பு இல்லை. கீழே காவலுக்கு நிற்கும் வோச்சர்தான் சிங்களத்தில் சொன்னான். “டீச்சர் அம்மா கியா.” போய்விட்டார். சூட்கேஸ் இரண்டு, மருந்துப் பை ஒன்று. லிஃப்டுக்குப் போகும்போது ரீச்சர் என் கதவைத் தட்டினாராம். நான் இல்லை.

மகன் இரவு கோல் எடுத்து நன்றி சொன்னான். “நீங்கள் சொல்லியிருக்காட்டி நான் யோசிச்சுக்கொண்டே இருந்திருப்பன் அன்ரி.” அந்த நன்றியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இல்லம் நீர்கொழும்புப் பக்கம். இரண்டு பஸ் மாறிப் போனேன். நல்ல சுத்தமான இடம், குறை சொல்ல முடியாது. ரீச்சர் கட்டிலில் கால் நீட்டாமல், வகுப்பில் இருப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோன கேக்கைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்தார். “இஞ்ச தேத்தண்ணி வெந்நீர் அக்கா” என்றார். நான் மட்டும் சிரித்தேன்.

பிறகு அவரே கேட்டார். “மகனுக்கு நீங்களோ சொன்னனீங்கள், எனக்கு நடக்கேலாது எண்டு?”

“முழங்கால் நோகுது என்டுதான் சொன்னேன் ரீச்சர்.”

“எனக்கு முழங்கால் நோகேல்லை. நான் கேக்க வந்தனான். நாலைஞ்சு தரம் வந்தனான்.”

“என்ன கேக்க?”

“மகன் கோல் எடுத்தா, நீங்கள் அவனிட்ட, நான் பக்கத்திலதான் இருக்கிறன், பாத்துக்கொள்ளுவன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லச் சொல்லி. வீட்டை விக்கப் போறன் எண்டு நிண்டவன்.”

“அத உள்ள இருக்கும்போது கேட்டிருக்கலாமே ரீச்சர்?”

“உள்ளுக்க நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பிழையைக் காட்டுவதுபோல மெல்லச் சொன்னார். அவருடைய ஊர் ஆட்கள் கேட்க வந்ததை வந்தவுடன் கேட்க மாட்டார்கள். சும்மா வந்தேன் என்பார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், எழும்புவார்கள். செருப்புப் போடும்போதுதான் வந்த காரியம் வாய்க்கு வரும். மூன்று வருஷம் எதிர்வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியவில்லை. கத்துகிறவர்களின் சத்தம் மட்டுமே கேட்டுப் பழகிய காது என்னுடையது.

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. அவர் ஏதாவது சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது அன்றுதான். அவருக்குச் சொல்ல ஒன்றும் மீதியிருக்கவில்லை. ஃபேன் சுற்றியது. பக்கத்துக் கட்டில்காரி கேக்கைத் தின்று முடித்துவிட்டு விரலைத் துடைத்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகியது. எழும்பி வெளியே வந்தேன். ரீச்சர் வாசல் வரை வந்தார், யாரையும் எதையும் பிடிக்காமல், நல்ல நடை. அந்த நடையைப் பார்க்க முடியாமல் குனிந்து செருப்பில் காலை வைத்தேன். எடுத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். பைப்படியில் ஊரையே அதட்டியவளுக்கு அந்த ஒரு சொல் வாய்க்கு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

“முழங்கால் நோகுதோ அக்கா?”

“ஓம் ரீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.