பின்னறைக்குத் தனிக் காற்று

பென்னலூரில் நாங்கள் குடியிருக்கும் வீடு எங்களுக்காகக் கட்டப்பட்டதல்ல. வெளிநாட்டு மேனேஜர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று உரிமையாளர் கூரைக்குள் அகலமான தகரக் குழாய்களை ஓடவிட்டு, வீடு முழுவதற்கும் ஒரே ஏசி வைத்திருந்தார். மேனேஜர்கள் வில்லாக்களுக்குப் போய்விட்டார்கள், நாங்கள் வந்தோம். ஹால் சுவரில் ஒரே ஒரு பட்டன் பெட்டி. அதில் என்ன எண் வைக்கிறோமோ அதுதான் வீட்டின் பருவம். சமையலறையில் மார்கழி என்றால் படுக்கையறையிலும் மார்கழிதான்.

எனக்கு அது பிடித்திருந்தது. பகலெல்லாம் வீட்டிலிருந்து எழுதுகிறவன். வேர்த்தால் ஒரு வரி நகராது. படுத்தபடி மேலே ஓடும் காற்றைக் கேட்பேன். ஏரி நிரம்பி வழிகிற ஓசை. புதுக் கார்களைச் சுமந்து ஒரகடத்திலிருந்து வரும் டிரெய்லர்கள் அந்த ஓசையில் படகுகளாக மிதந்துபோகும். எந்தப் படகில் எப்போது ஏறினேன் என்று தெரியாமலே கண்ணயர்ந்துவிடுவேன்.

மனைவிக்கு அந்தக் குளிர் ஆகாது. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்; இந்த வருடம் முழுக்க நைட் ஷிஃப்ட். ராத்திரி பூராவும் ஏசியில் நின்றுவிட்டு, காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விரல்கள் வெளுத்திருக்கும்.

"அங்கயும் ஐஸ் பொட்டி, வூடும் ஐஸ் பொட்டியாகீது. நான் இன்னா மீனா?" என்பாள்.

எண்ணைக் கூட்டினால் நான் புழுங்கினேன். குறைத்தால் அவள் நடுங்கினாள். ஒருநாள் காலை தலையணையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள். அங்கே காற்று வரும் வாயை அட்டைப்பெட்டி அட்டையும் பிரவுன் டேப்பும் வைத்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அடைத்தாள். கம்பெனி லைனில் எதை அடைப்பதென்றாலும் அவர்களுக்கு அட்டையும் டேப்பும்தான். லீவு நாளான ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே தூங்கினாள். எங்கள் கட்டிலில் அவள் பக்கத்து விரிப்பு மட்டும் கசங்காமல் கிடந்தது.

அடைபட்ட குளிர் சும்மா இருக்குமா? அட்டைக்குப் பின்னால் வேர்த்து, சொட்டி, கூரையில் கறை படர்ந்தது. போக வழியில்லாத காற்று என் அறையில் விசிலடித்தது. அவள் கம்பெனியிலேயே ஏசி பார்க்கிற தூத்துக்குடிக்காரர் ஒருவர், லீவு நாளில் வந்து ஏணி போட்டார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்னக்கா, காத்தையே பார்சல் கட்டி வச்சிருக்கிய?"

"பின்ன? நீ வர்ற வரைக்கும் வெறைச்சிக்கினு கெடக்கணுமா?"

வழி இருக்கிறது என்றார். கிளைக்குழாய்க்குள் மோட்டார் வைத்த தகடு ஒன்றைப் பொருத்தி, அறைக்கு ஒரு பட்டன் பெட்டி வைத்தால் போதும். தேவைக்கேற்ப தகடு திறக்கும், மூடும். ஒவ்வொன்றும் ஒரு ஜோன். கம்பெனியில் செய்வதுபோலவே குழாய்மேல் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார். எங்கள் படுக்கையறைக்கும் பின்னறைக்கும் ஒரே கிளைதான் போகிறது. ஒரு தகடு வைத்தால் இரண்டுக்கும் ஒரே குளிர். தனித்தனி வேண்டுமென்றால் கிளையை வெட்ட வேண்டும்.

"அண்ணே, நீங்களும் அக்காவும் ஒரே ஜோனா, வேற வேறயா?"

வேலைக்காகத்தான் கேட்டார். ஏணியைப் பிடித்தபடி நான் அவளைப் பார்த்தேன். ஒரே ஜோன் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது.

"வேற வேறயே போடுப்பா," என்றாள், டீ டம்ளரை மேலே நீட்டியபடி. "தூங்கணும்ல."

கிளையை வெட்டினார்.

அதன்பின் கூரையின் ஓசை மாறிவிட்டது. ஒரே வெள்ளமாக ஓடியது வாய்க்கால்களாகப் பிரிந்தது. ஒரு தகடு மூடும், இன்னொன்று திறக்கும். அறைகள் தனித்தனியாகக் கண் மூடித் திறப்பதாகத் தோன்றும். ஹாலில் ஐப்பசி, என் அறையில் தை, பின்னறையில் சித்திரை. ஒரே வீட்டுக்குள் நடந்து நான் ஒரு வருடத்தைக் கடந்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு ராத்திரி, சாப்பிட்டதும் அவள் பின்னறைக்குப் போனாள். என் அறையில் நான் ஆசைப்பட்ட குளிர். தூக்கம்தான் வரவில்லை. மேலே அவளுடைய தகடு முனகி மூடிக்கொண்டது. அவளுக்குப் போதுமாகிவிட்டது. நான் தலையணையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினேன்.

ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "இன்னாயா, உன் ஜோன்ல கரண்ட் இல்லியா?"

"இருக்கு."

"பின்ன?"

ஒருவர் மட்டும் படுக்கும் அந்தச் சின்னக் கட்டிலின் விளிம்பில் படுத்தேன். பிடரியில் வேர்வை ஊறியது.

"வேர்க்குது பாரு. போய் உன் ரூம்ல படு."

"எனக்கு ஒண்ணும் வேர்க்கல."

"பொய் சொல்லாத. தலகாணி நனையுது."

அவள் சுவர்ப்பக்கம் கையை நீட்டி எண்ணை ஒன்று இறக்கினாள். யோசித்து, இன்னொன்றும் இறக்கினாள். கால்மாட்டிலிருந்த போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"அவ்ளோதான். இதுக்குக் கீழ கேட்டன்னா எழுப்பி அனுப்பிடுவேன்."

"போதும்."

தகடு திறந்து மெல்லிய காற்று இறங்கியது. அது எனக்குப் போதவில்லை, அவளுக்கு அதிகம். கொஞ்சம் தள்ளிப் படு என்றாள். அந்தக் கட்டிலில் தள்ளிப் படுக்க இடமில்லை. அப்படியே தூங்கிப்போனோம்.