சிட்னிப் பாலத்தில் வைத்த நேர்த்தி

இந்தக் கிழமைப் பத்தியைக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக்கோப்பவர் பொறுத்தருள வேண்டும். கருத்து கோணலாக இருந்தால்... அது வழக்கம்தானே.

ஏன் குப்புற? முதுகிலும் காலிலுமாகப் பத்து ஓட்டை. எல்லாம் ஒரு பாலத்தால் வந்த வினை.

இரண்டு கிழமைக்கு முதல் ஒரு பின்னேரம் பொன்னுத்துரை அண்ணை வீட்டுக்கு வந்தார். எங்கள் தீவில் காவடி எடுப்பவர்களுக்குச் செடில் குத்துகிறவர் அவர்தான். அதாவது, முதுகுத் தோலில் இரும்புக் கொழுக்கி ஏற்றுகிறவர். என் சேர்ட்டைக் கழற்றச் சொன்னார். கதிரையில் திருப்பி இருத்தினார். காணி வாங்க வந்தவர் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதுபோல உள்ளங்கையால் முதுகைத் தடவிப் பார்த்தார்.

“நல்ல முதுகு” என்றார்.

நாற்பத்தெட்டு வயதில் என் உடம்பில் ஏதோ ஒன்றுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. நன்றி சொல்வதா, எழுந்து ஓடுவதா என்று தெரியவில்லை.

“எட்டுக் கொழுக்கி காணும். ஆனா மாஸ்டர், நீங்கள் கொஞ்சம் பாரம். பத்தாப் போடுவம்.”

“நோகுமோ அண்ணை?”

“இருவத்தைஞ்சு வருசமாக் குத்திறன். எனக்கு ஒரு நாளும் நோகேல்லை.”

சரி, கொழுக்கி போகட்டும். என் உண்மையான கவலை வேறு.

“எவ்வளவு உயரத்திலை தூக்குவியள்?”

“உழவு மெசினுக்கு மேலை துலாமரம் பூட்டித் தூக்குவம். ஒரு பன்ரெண்டடி வரும். சனம் பாக்க வேணுமெல்லோ.”

குசினி வாசலில் நின்ற என் மனைவி அங்கிருந்தே சொன்னாள்: “வடிவாத் தூக்குங்கோ அண்ணை. அவருக்கு உயரம் பழக்கம். சிட்னிப் பாலத்திலையே ஏறி நிண்டவர்.”

அவள் குரலில் இருந்த மரியாதையைக் கேட்டீர்களா? நானும் தேடிப் பார்த்தேன். இல்லை.

சென்ற ஆண்டு இதே பத்தியில், சிட்னி நகரத்துப் பெரிய பாலத்தின் உச்சியில் நின்று நான் காற்று வாங்கியதாக எழுதியது சில வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதில் காற்று மட்டும்தான் உண்மை. மிச்சத்தை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தம்பி யோகன் அங்கே போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் கல்யாணம் பொருந்திவிட்டது. பெண் வீட்டார் முப்பது பேர். மாப்பிள்ளை பக்கம் மாப்பிள்ளை மட்டும். சபையில் காட்டுவதற்கு எங்கள் பக்கத்து ஆள் ஒன்று தேவைப்பட்டது. விசா கேட்டவர்களில் எனக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். என்னைப் பார்த்தால் அங்கே தங்கிப் பிழைக்கக்கூடிய ஆளாக அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் யோகன் என்னைப் பாலத்தடிக்குக் கூட்டிப்போனான். பெரியதொரு உடுப்புக் கொழுவியைக் கடலுக்கு மேல் கவிழ்த்து வைத்ததுபோல நின்றது. இருபது வருடமாக வகுப்பில் உலகப்படத்தை விரித்துச் சிட்னியைப் பிரம்பால் தொட்டுக் காட்டிய புவியியல் மாஸ்டர் நான். பிரம்பு நுனியில் இவ்வளவு உயரம் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாலத்தின் முனையில் கல்லாலே கட்டிய ஒரு கோபுரம். உள்ளே இருநூறு படி. உச்சியில் வெட்டவெளித் தளம். கீழே ரயிலும் காரும் கப்பலும்.

“எதுக்கு இதிலை ஏறுவான்?” என்று கேட்டேன்.

“இவ்வளவு தூரம் வந்திட்டு ஏறாமப் போனா ஊரிலை சிரிப்பினம் அத்தான்.”

நியாயமான பயம்தான். ஆனால் நான் தீவான். எங்களுக்கும் பாலம் இருக்கிறது. பண்ணைப் பாலம், புங்குடுதீவுப் பாலம்... தட்டையாக, மரியாதையாகப் படுத்திருக்கும். இரண்டு பக்கமும் கடல் — கொக்கு நடந்தே கடக்கிற கடல். விழுந்தால் சாரம் நனையும், அவ்வளவுதான். எங்கள் பாலத்தில் யாராவது உயரத்துக்குப் பயந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

படிகள் சுவர்களுக்கு நடுவே இருந்ததால் பாதிவரை வீரனாகத்தான் ஏறினேன். உச்சிக் கதவைத் தாண்டினேனோ இல்லையோ, வீரம் என்னிடம் சொல்லாமலே லீவு எடுத்துவிட்டது. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். யோகன் கழுத்தில் ரை கட்டி, முடியை ஒரு பக்கம் வாரி, கை நீட்டித் துறைமுகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். நான் அவன் கையை மட்டும் பார்த்தேன். அதற்கு அப்பால் எதையும் பார்ப்பதாக இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

தூரத்தில் தட்... தட்... தட்... பிறகு கிட்ட.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் அடுத்தது வானத்திலிருந்து சூடு என்று இந்தப் பத்தியை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். உல்லாசப் பயணிகளை ஏற்றித் துறைமுகம் காட்டுகிற ஹெலி அது என்று பிறகு சொன்னார்கள். பிறகு சொல்லி என்ன? நான் தளத்தில் குப்புறக் கிடந்தேன். கை இரண்டும் பிடரியில். நெற்றி தரையில். விதிமுறை ஒன்றும் பிசகவில்லை.

வாய் தன்பாட்டில் நேர்ந்துகொண்டிருந்தது.

“அம்மாளாச்சி, எங்கள் ரெண்டு பேரையும் உயிரோடை இறக்கி விடு. நூற்றியொரு தேங்காய் உடைக்கிறன்.”

ஹெலி இன்னும் கீழே பதிந்தது.

“மொட்டை அடிக்கிறன்.”

தலைக்கு மேல் வந்துவிட்டது.

“தூக்குக்காவடி எடுக்கிறன் தாயே!”

கவனித்தீர்களா? உயரத்தில் நிற்கப் பயந்தவன், உயரத்திலிருந்து இறங்குவதற்காக, உயரத்தில் தொங்குகிறேன் என்று நேர்ந்தேன். நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆள் என்பதை மறுபடி ஞாபகப்படுத்துகிறேன்.

சத்தம் விலகியதும் தலையைத் திருப்பினேன். பக்கத்தில் ஒரு ரை கிடந்தது. ரையின் மற்ற முனையில் யோகன். அவனும் குப்புற. அவனும் பிடரியில் கை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஐஸ்கிறீம் கையோடு நின்ற நாலு வெள்ளைக்காரர் குனிந்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார்கள். யோகன் படுத்தபடியே, கண்ணுக்குள் வைக்கிற வில்லை விழுந்துவிட்டது என்று இங்கிலிஷில் ஒரு பொய்யை விட்டான். நல்ல சனம். ஐஸ்கிறீமைச் சுவரில் வைத்துவிட்டு நாலு பேரும் முழங்காலில் இறங்கித் தேடத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரம் ஹெலிக்காரன் திரும்பி வந்து பார்த்திருந்தால், அந்தக் கோபுரத்தில் ஆறு யாழ்ப்பாணத்தார் என்றுதான் எண்ணியிருப்பான்.

இறங்கத் தொடங்கினோம். நூறாவது படியளவில் யோகன் சொன்னான்: “அத்தான், நான் படுத்ததை அக்காவுக்குச் சொல்லாதேங்கோ. நான் இஞ்சை நிம்மதியா இருக்கிறனெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா.”

சொல்லவில்லை. நான் சொன்ன சொல் காப்பவன். அவன்? நான் ஊர் வந்து சேர்வதற்குள் அக்காவுக்கு ஒரு கடிதம். ஹெலி இல்லை, வில்லை இல்லை, அவன் படுத்தது இல்லை. “அத்தான் பாலத்தில் ஏறினதும் பயத்தில் எனக்கும் சேர்த்துத் தூக்குக்காவடி நேர்ந்தவர்” என்பது மட்டும் இருந்தது.

எனக்கும் சேர்த்து! அந்த இரண்டு சொல்லும்தான் என்னைக் கொழுக்கியில் மாட்டின.

பத்து மாதம் கடத்திப் பார்த்தேன். வெளிநாட்டில் வைத்த நேர்த்தி இங்கே செல்லுமா என்று ஐயரிடம் சட்டம் கேட்டேன். தேங்காயை ஆயிரமாக்கி, காவடியைக் கழிக்க முடியுமா என்றும் கேட்டேன்.

“நேர்ந்தது எனக்கில்லை” என்றார் ஐயர். “மூலஸ்தானத்திலை இருக்கிறா. போய்க் கேளும்.”

பிறகு அடுத்த கடிதம் வந்தது. யோகன் அப்பாவாகப் போகிறான்.

அன்றைக்கு மனைவி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்து சொன்னாள்: “இஞ்சாருங்கோ, உங்களுக்குப் பயமெண்டு எனக்குத் தெரியும். ஆனா அவனையும் சேர்த்தெல்லோ நேர்ந்தனீங்கள். நீங்கள் செய்யாம விட்டு, அங்கை பிள்ளைக்கோ அவளுக்கோ ஒண்டு வந்தா, நான் உங்களைப் பேசமாட்டன். ஆனா உங்கடை முகத்தைப் பாக்க எனக்கு ஏலாது.”

பொன்னுத்துரை அண்ணைக்கு ஆள் அனுப்பினேன். சேர்ட்டைக் கழற்றிக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர் அம்மன் கோயில் தேர். பொன்னுத்துரை அண்ணை சொன்னது சரி, அவருக்கு நோகவில்லை. முதுகிலும் காலிலும் கொழுக்கி ஏற்றி, குப்புறக் கிடத்தி, கயிறு கட்டி, துலாவை நிமிர்த்தினார்கள். தரை என்னை விட்டுப் போனது. எனக்கு உள்ளங்கால் தொடக்கம் உதடுவரை நடுங்கத் தொடங்கியது.

கீழே ஒரு பெண் கத்தினாள்: “மாஸ்டருக்கு உரு வந்திட்டுது!”

சனம் கைகூப்பியது. மேளம் வேகம் எடுத்தது. வாழ்நாள் முழுவதும் என் பயத்தைப் பார்த்துச் சிரித்த ஊர், அன்றைக்கு அதே பயத்தைச் சாமி என்று கும்பிட்டது. பக்கத்து வீட்டு மனிசி என்னிடம் வாக்குக் கேட்டாள். “இறக்குங்கோ” என்பதுதான் வாயில் வந்த வாக்கு. மேளத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

கோயிலுக்கு இன்னும் கால் மைல் இருக்கும். மேளம் திடீரென்று நின்றது.

தட்... தட்... தட்...

ஒரு நிமிடம் முன்பு நூற்றைம்பது பேர் நின்ற ஒழுங்கையில் ஒருவரும் நிற்கவில்லை. வேலிக்குள், மதகுக்குள், பனையடியில்... எல்லாரும் குப்புற. நாதஸ்வரக்காரர் நாதஸ்வரத்தின் மேல் படுத்திருந்தார். மெசின் ஓட்டினவர் மெசினுக்குக் கீழே.

நானும் குப்புறத்தான் கிடந்தேன், எல்லாரையும்போல. ஒரே குறை — தரை பன்னிரண்டடி கீழே இருந்தது.

ஹெலி ஒரு சுற்றுச் சுற்றியது. பட்டுக் கட்டி, திருநீறு பூசி, பத்துக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்த மனிதனை மேலே இருந்தவர் பார்த்தாரா? பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? நாங்கள் கண்டுபிடித்த புது ஆயுதம் என்றா? அல்லது, இவனுக்கு ஏற்கெனவே ஆனது போதும் என்று விட்டாரா? தெரியாது. போய்விட்டது.

பொன்னுத்துரை அண்ணை முதலில் எழும்பினார். மண்ணைத் தட்டிக்கொண்டு மேலே பார்த்தார்.

“மாஸ்டர், இறக்கட்டோ? மிச்சத்தை நடந்து போவம். இப்பிடி ஒரு நேரத்திலை அம்மாளாச்சி ஒண்டும் நினைக்கமாட்டா.”

வாசகர்களே, பத்து மாதமாக நான் காத்திருந்த சொல் அது. ஐயர் தராத விடுதலை.

கீழே பார்த்தேன். முதல் தடவையாகக் கீழே பார்த்தேன். மனைவி மதகடியிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தாள். சீலை முழுக்கப் புழுதி. நெற்றியில் மண். என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். சிட்னியில் ரையோடு கிடந்தவனுக்கும் அதே முகம்தான், அதே மூக்குத்தான்.

“மெசினைக் கோயிலடிக்கு விடுங்கோ” என்றேன்.

வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கி, பிறகு ஒருக்கால் ஏற்றவேண்டி வந்தால் என்ன செய்வது என்ற முன்யோசனை.

இரவு முதுகுக்கு மஞ்சள் பூசும்போது மனைவி கேட்டாள்: “ஹெலி மேலை நிக்கேக்கை உங்கடை வாய் அசைஞ்சது. திரும்ப ஏதும் நேர்ந்தனீங்களோ?”

“இல்லை” என்றேன். அது உண்மை. வாய் திறந்தது, “அம்மாளாச்சி...” என்று தொடங்கியும்விட்டது. இதற்கு மேல் எங்கே தொங்குவது என்று யோசித்து மூடிக்கொண்டேன்.

அவள் அடுத்த ஓட்டைக்கு மஞ்சள் வைத்தாள். பிறகு, “யோகனும் அண்டைக்குப் படுத்தவனோ?” என்றாள்.

நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சொன்ன சொல் காப்பவன் அல்லவா?

“எனக்குத் தெரியும்” என்றாள்.

ஆகவே அன்பர்களே, உயரமான இடத்தில் பயம் வந்தால் தாராளமாக நேருங்கள், ஆனால் தேங்காயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்... தேங்காய்க்குத் தலை சுற்றாது.