நேரில் வந்து, எழுத்தில் கொடுக்கவும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா?

சிலர் கவனித்திருக்கிறார்கள். ஒரு வாசகர் வீட்டுக்கே போன் செய்து, என் மனைவியிடம், "சாருக்கு உடம்பு ஏதும்..." என்று மரியாதையோடு இழுத்திருக்கிறார். "நல்லாத்தான் இருக்காரு. உப்புமாவுல உப்பு பத்தலன்னு இப்பத்தான் சத்தம் போட்டு முடிச்சாரு" என்று இவள் ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

நடந்தது இதுதான். நான் கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பது பழைய காலத்து ஃபான்ட் ஒன்றில். எதிர்முனையில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் என் பத்தி வெறும் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் தெரியும். (ஃபான்ட் இருந்தாலும் சிலருக்கு அப்படித்தான் தெரிகிறதாம். அது வேறு கதை.) பத்திரிகை ஆபீஸில் கம்ப்யூட்டர்களை மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பத்தியோடு ஃபான்ட்டையும் இணைத்து அனுப்பினேன். போகவில்லை. உங்கள் இணைப்பு எங்கள் பாதுகாப்பு விதிகளுக்கு முரணானது என்று இங்கிலீஷில் பதில் வந்தது.

சென்னைக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"சார், உங்க மெயில் குவாரன்டைன்ல இருக்கு."

"அம்மை போட்டவங்களைத்தானேம்மா அப்படி ஒதுக்கி வைப்பாங்க?"

"சிஸ்டம்ஸ் ஹெட் ரிலீஸ் பண்ணினாத்தான் சார் வரும். அவர் லீவு."

"உள்ள ஒரு கட்டுரையும் ஒரு ஃபான்ட்டும்தான் இருக்குன்னு உங்களுக்கே தெரியுமே."

"தெரியும் சார். ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

போனை வைத்தேன். கோபம் வரவில்லை. அந்தக் குரலை எனக்குத் தெரியும்... அது என்னுடைய குரல்.

சொல்லிவிடுகிறேன்.

காலமெல்லாம் ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தார்நாகாவில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். ஹைதராபாத்தில் அப்போது திரும்பிய பக்கமெல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனி. மாதாப்பூரில் ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டு, 'சிஸ்டம்ஸ் அட்வைசர்' என்று நாற்காலி போட்டது. சர்வீஸில் நான் பார்த்திராத நாற்காலி — சுற்றும், சாயும், ஏறும், இறங்கும். உட்கார்ந்தவன் மட்டும் அசையாதவன்.

நான் சேர்ந்த புதிதில் யாரோ ஓர் அட்டாச்மென்ட்டைத் திறக்க, வைரஸ் புகுந்து ஆபீஸே ஒரு நாள் படுத்துவிட்டது. (யாரோ என்ன... எம்.டி.தான். 'யாரோ' என்று அறிக்கை எழுதியது நான்.) வரும் மெயில், போகும் மெயில் எல்லாவற்றையும் வடிகட்டும் ஃபில்டர் ஒன்றைச் சுவராக எழுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுப்பினேன். ஜிப் ஃபைல் கூடாது. படம் கூடாது. பெரிதாக எதுவுமே கூடாது. தடுக்கப்பட்டது வேண்டுமென்றால், சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து, உள்ளே என்ன இருக்கிறது, ஏன் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போடவேண்டும். அரசாங்கச் சோறு வேறென்ன சொல்லிக்கொடுக்கும்?

இந்த விதிகளை ஒரு சர்க்குலராக்கி, எல்லோருக்கும் அட்டாச்மென்ட்டாக அனுப்பினேன். ஃபில்டர் அதையும் பிடித்து வைத்துக்கொண்டது. விதி என்னவென்றே தெரியாமல் விதி அமலுக்கு வந்தது.

காலையில் என் மேஜை முன்னால் வரிசை நிற்கும். "சார், கிளையன்ட் அனுப்பின டிசைன்..." "சார், மச்சினன் கல்யாணப் பத்திரிகை..." ஒருவருக்கு ஊரிலிருந்து பெண்ணின் ஜாதகம் வந்திருந்தது. கட்டங்களைப் படமாக அனுப்பியிருந்ததால் மாட்டிக்கொண்டது. ராகு கேதுவே என் கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. மறைப்பானேன்?

பிரான்சிஸ் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மகன். எங்களிடம் டெஸ்டிங் வேலை. ஜிப் ஃபைலின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை மாற்றி, சாதாரண டெக்ஸ்ட் ஃபைலைப் போல வேஷம் போட்டு அனுப்பினால் என் சுவர் வழிவிடும் என்று கண்டுபிடித்தான். ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் கொடுத்துவிட்டான். என் வரிசை கரைந்து போயிற்று.

கேன்டீனில் ஒருநாள் அவன் குரல்: "பெருசோட ஃபில்டரா? நக்கோ, பயப்படாதீங்க. கோட்டு போட்டுட்டுப் போனா திருடனுக்கும் சல்யூட் அடிக்கிற வாட்ச்மேன் அது."

மேஜையே சிரித்தது. அவனுக்குப் பின்னால் சாம்பார் சாதத் தட்டோடு நான்.

அந்த ஓட்டையை அன்றே அடைத்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

அந்த வருஷம் அவனுக்கு அமெரிக்கா போகும் வாய்ப்பு வந்தது. அவன் அப்பா ரிடையர் ஆகப்போகிறார், ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும், இந்தப் பயணத்தை நம்பித்தான் பக்கத்து மெட்டுகுடாவில் ஒரு சின்ன வீட்டுக்குப் பேசி வைத்திருக்கிறார்கள் — ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

விசாவுக்கு அப்போது சென்னைக்குத்தான் போகவேண்டும். அவன் ரயிலேறிய பிறகு, இன்டர்வியூவில் காட்டவேண்டிய கிளையன்ட்டின் கடிதம் வந்து சேர்ந்தது. எச்.ஆர். பெண் அதை ஸ்கேன் செய்து அவனுடைய சொந்த மெயிலுக்கு அனுப்பினார். படம் அல்லவா? ஃபில்டர் பிடித்தது. அந்தப் பெண் ஓடி வந்தார். சம்பந்தப்பட்டவர் கையெழுத்து வேண்டும் என்றேன். கொஞ்ச நேரத்தில் சம்பந்தப்பட்டவரே சென்னையில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து போன் செய்தார்.

"சார், அந்த லெட்டரைக் கொஞ்சம் ரிலீஸ் பண்ணுங்க சார்."

"நேர்ல வந்து எழுதிக் குடுக்கணுமேப்பா."

"நான் மெட்ராஸ்ல நிக்கிறேன் சார். நேர்ல எப்டி வர்றது?"

"ரூல் தெரியுமில்ல?"

"ஹவ் சார், தெரியும். நாளைக்குக் காலைல இன்டர்வியூ சார்."

"அதெல்லாம் முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

"கைக்கு சார்?" என்றான். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', ஏன் என்பதற்கு 'கைக்கு' — லாலாகுடா பிள்ளைகளின் பேச்சு அப்படித்தான். பதில் சொல்லாமல் போனை வைத்தேன்.

ஃபேக்ஸ் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஃபேக்ஸ் மெஷினும் என் அறையில்தான் இருந்தது.

கடிதம் இல்லாமல் போனான். விசா கிடைக்கவில்லை. மறு தேதி வாங்குவதற்குள் கிளையன்ட் வேறொருவரை அழைத்துக்கொண்டது. மெட்டுகுடா வீடு பேச்சோடு நின்றது. பிரான்சிஸ் திரும்பி வந்து தன் வேலையைச் செய்தான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சில மாதங்களில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். பிரிவு உபசாரத்தில் நான்தான் பேசினேன். தலைப்பு — டிசிப்ளின்.

ரூல் என்று சொன்னேன் அல்லவா? ரூல் இல்லை. அந்த ரூலை எழுதியவன் நான். அதைத் தளர்த்த ஒரே ஒரு கிளிக் போதும். கேன்டீனில் ஒரு மேஜை சிரித்தது. அதுதான் காரணம்.

இத்தனை வருஷம் கழித்து, என் மெயில் மாட்டிக்கொண்ட பிறகுதான், அந்த எச்.ஆர். பெண்ணைத் தேடிப் பிடித்து அவன் விலாசம் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மெட்டுகுடாவுக்குப் போனேன். மாடியில் வாடகை போர்ஷன். சர்ச்சிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். பிரான்சிஸுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"சார், நீங்களா? வாங்க, உக்காருங்க."

டீ வந்தது. அவன் மனைவியையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், கேன்டீன் மேஜை உட்பட. மன்னித்துவிடு என்றேன்.

பிரான்சிஸ் டீயை முழுசாகக் குடித்து முடித்தான்.

"நேர்ல வந்துட்டீங்க, சரி. எழுத்துல எங்க சார்? ரெண்டும் இருந்தாத்தானே ரிலீஸ் பண்ணுவீங்க."

அவன் மனைவி சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை.

ஆகவே இந்த வாரப் பத்தியை நான் மெயிலில் அனுப்பவில்லை. வெள்ளைத் தாளில் கையால் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு, கூரியரில் சென்னைக்கு அனுப்புகிறேன். ஒரு நகலை மெட்டுகுடாவுக்கு நானே கொண்டுபோகிறேன். உள்ளே என்ன இருக்கிறது: ஒரு கிழவனின் ரோஷம். ஏன் அனுப்புகிறேன்: 'கைக்கு' என்று கேட்டாயே, பிரான்சிஸ்... அன்றைக்குச் சொல்லாத பதில் இதுதான்.

ரிலீஸ் பண்ணுவதும் பண்ணாததும் உன் இஷ்டம். வரிசையில் நிற்கிறேன்.